லாரி பார்க் ஓரத்து ஓடையும் ஷமீமாவும்

ஷமீமா போய்விட்டாள்.

காலையில் அவள் தம்பி வாட்ஸ்அப்பில் சொன்னான். மதியம் சுவா சூ காங் இடுகாட்டில் அடக்கம். உடம்பு சரியில்லை என்று எங்களுக்கு முன்பே தெரியும்... தெரிந்திருந்தும் அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

இதைப் படிக்கும் பலருக்கு அவளைத் தெரியாது. நானும் அவளும் ஒரே அலுவலகம். ஓரிடத்தில் சாலையோ கட்டடமோ வருவதற்கு முன், அங்கே ஓடும் தண்ணீருக்கும் அதில் இருக்கும் மீனுக்கும் என்ன ஆகும் என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை.

பூட்ஸ் மாட்டியதும் நாங்கள் வலையோடு தண்ணீரில் இறங்கிவிடுவோம். அவள் இறங்கமாட்டாள். முதலில் இரண்டு கரையையும் நடந்து பார்த்தாக வேண்டும். புல்லை எதுவரை வெட்டியிருக்கிறார்கள், எந்தக் குழாய் எங்கே திறக்கிறது, நிழல் எங்கே முடிகிறது...

"சீக்கிரம் வாடீ, வெயில் ஏறுது."

"மீன் எங்கேயும் ஓடிப் போகாது லா. அதோட வீட்டைச் சுத்தி என்ன நடக்குதுன்னு பார்த்துட்டு வரேன், இரு கவி."

வேலை முடிந்தால் தேக்கா மார்க்கெட். சேற்று பூட்ஸைக் காரிலேயே போட்டுவிட்டு, செருப்போடு போய் உட்கார்ந்து மீன் தலைக் கறி.

"நாள் பூரா மீனை அளந்துட்டு, எப்படிடீ உனக்கு இது இறங்குது?"

"இது கடல் மீன். என் டிபார்ட்மென்ட் இல்ல."

பூன் லே வட்டாரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஓடை. மேல் பாதி மரங்களுக்குள். கீழ்ப் பாதி, லாரிகளை நிறுத்தி வைக்கும் ஒரு லாரி பார்க் ஓரம்... நிழலே கிடையாது, விளிம்புவரை மொட்டையாக வெட்டிய புல். மழை பெய்தால் லாரி பார்க்கின் மண் முழுக்கத் தண்ணீரில்தான். மண் படிந்தால் மீன் முட்டைகள் பிழைக்காது.

பால் டீ நிறத்தில் கலங்கி ஓடும் தண்ணீரைக் காட்டி, "தே தாரிக் ஓடுது பாரு," என்பாள். சிரிக்காமல்.

அந்த ஓடை முழுவதையும் நேராக்கிக் கான்கிரீட் போடுவதாகத் திட்டம். எங்கள் அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவு.

சர்வேக்குப் போனோம். வலை போட்ட இடமெல்லாம் மீன்! லாரி பார்க் ஓரத்தில்கூட. நான் கத்தியே விட்டேன். இத்தனை வகை மீன் இருக்கும் ஓடையை யார் தொடுவார்கள்?

ஷமீமா கரை நடையிலிருந்து திரும்பி வந்தாள். கை நிறைய காலி பிளாஸ்டிக் பைகள். ஒவ்வொன்றின் வாயிலும் ரப்பர் பேண்ட்.

புத்தர் பிறந்த விசாக தினம் அப்போதுதான் முடிந்திருந்தது. புண்ணியம் என்று கடையில் மீன் வாங்கி ஓடையில் விடுகிறவர்கள் உண்டு. விடாதீர்கள் என்று எத்தனை முறை சொன்னாலும். மீன் வேலை பார்க்கிற எங்களுக்கு அந்த நாள் நினைவுக்கே வரவில்லை.

"இது ஓடையோட மீன் இல்ல. கடையோட மீன். கணக்குல சேர்க்காதே."

எங்கள் பாஸ் செந்திலுக்கு மனசே இல்லை. "ஏம்மா, அதை எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு? காலியான ஓடைன்னு கான்கிரீட்டைக் கொட்டிடுவாங்க. நீதானே காப்பாத்தணும்னு குதிச்சே?"

"இப்பவும்தான் குதிக்கிறேன் பாஸ். இன்னொருத்தன் வந்து வலை போடுவான், ஒண்ணும் வராது. அப்புறம் நாம சொல்ற எந்த ஓடையை யாரு நம்புவா?"

கடை மீனைக் கழித்தோம். கொஞ்ச நாள் விட்டு மறுபடி சர்வே. பட்டியல் மெலிந்துவிட்டது. இந்த மண்ணின் ரஸ்போரா மீன், விரல் நீளம்கூட இல்லாதது, மரத்தடிப் பகுதியில் மட்டும். லாரி பார்க் பக்கம் அநேகமாக ஒன்றுமில்லை.

அவள் அந்த ஒன்றுமில்லாததைத்தான் பேச வைத்தாள். திட்டத்தின் இன்ஜினியரை மீட்டிங் ரூமிலிருந்து ஓடைக்கே இழுத்து வந்தாள். மரத்தடியில் கையை விடச் சொன்னாள். பிறகு கீழே நடத்திக் கூட்டிப்போய், லாரி பார்க் ஓரத்தில் கையை விடச் சொன்னாள்.

அவர் கையை எடுத்துவிட்டு, மறுபடி வைத்துப் பார்த்தார். மேலே குளிர்ச்சி, இங்கே வெதுவெதுப்பு.

ஒரே ஓடை. ஒரே தண்ணீர். கரைதான் வேறு, அதைத் திருத்தினால் போதும் என்றாள்.

மேல் பாதியை அப்படியே விட்டார்கள். லாரி பார்க் ஓரம் புல் வெட்டுவதை நிறுத்தி, மரம் நட்டார்கள். சாலைக்குப் பக்கத்து வளைவு மட்டும் கான்கிரீட்டுக்குப் போனது. அந்த வளைவுக்காக அவள் ரொம்ப நாள் எங்களிடம் கோபமாக இருந்தாள். நாங்களோ பார்க்கிறவர்களிடம் எல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்தோம். இப்போதும் அடிக்கிறேன். எங்கள் ஷமீமா செய்தது அது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் எனக்கு அனுப்பிய கடைசி மெசேஜ்: "அங்க மழை பேஞ்சுச்சா? தண்ணி கலங்குச்சா? போனா பார்த்து சொல்லு."

இன்று அடக்கம் முடிந்ததும் நானும் செந்திலும் நேரே அங்கேதான் போனோம். அடக்கத்துக்குப் போட்ட உடையிலேயே. இறங்கவில்லை. முதலில் இரண்டு கரையும் நடந்தோம்.

நட்ட மரங்கள் எங்கள் தலைக்கு மேல் நிற்கின்றன. லாரி பார்க் ஓரத்தில் புல் இடுப்பளவு. செந்தில் குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடி தெரியுது கவி," என்றார்.

நேற்று நல்ல மழை, ஷமீமா.

தண்ணி கலங்கலை.