காது கேளாத மாமனார்

தோவாளையில் உரக்கடை வைத்திருந்த தெய்வநாயகத்துக்கு நாடகம் என்றால் உயிர். நாகர்கோவில் நாடக விழாவில் அவருக்குக் காது கேளாத மாமனார் வேடம். ஒத்திகையில் யாருமே சிரிக்காததால், மேடையில் தன் மனைவி அழகியநாயகியை அப்படியே செய்துகாட்டினார். அவளுக்குச் சில வருடங்களாகக் காது மந்தம். அவளைப் போலவே தலையைச் சாய்த்து, எதிராளியின் உதட்டைப் பார்த்து, வீட்டில் அவள் சொன்ன சம்பந்தமில்லாத பதில்களையே சொன்னார். அரங்கமே அதிர்ந்தது. முன்வரிசையில் அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று அவருக்கு நிம்மதி.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் கேட்டாள். "எல்லாரும் சிரிச்சாவ, நானும் சிரிச்சேன். எனக்கு ஒண்ணும் கேக்கல்ல. அப்படி என்னதான் சொன்னிய?"

அவருக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. காதருகே குனிந்து, "நீ வீட்டுல பேசுகதத்தான் சொன்னேன்" என்றார். அவள் அசையாமல் நின்றாள். கேட்கவில்லையோ என்று மறுபடியும் சொல்லப்போனார்.

"கேட்டுச்சு" என்றாள்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். அடுத்த ஊரிலும் அதே வேடம் போடச் சொல்லிக் குழுவினர் கடைக்கு வந்தபோது தெய்வநாயகம் மறுத்துவிட்டார். காரணம் கேட்டார்கள். அவர் உர மூட்டையைப் பிரித்து எடைபோட ஆரம்பித்தார்.