பாப்பாவின் கையெழுத்து

எனக்கு வயது நாற்பத்தேழு. என் அண்ணனுக்கு நான் இன்னும் பாப்பா. பிறந்ததிலிருந்தே என் கைகால்கள் என் பேச்சைக் கேட்பதில்லை. வாய் குழறும், ஆனால் ஓயாது. இடது கை மட்டும் கெஞ்சிக் கூத்தாடினால் கொஞ்சம் வேலை செய்யும். அதன் ஒற்றை விரலால்தான் கைபேசியில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் நல்லவன். அதுதான் தொல்லையே. கெட்டவன் என்றால் சண்டை போடலாம். காலையில் என்னைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டுத்தான் உழவர்கரையிலிருந்து லாஸ்பேட்டையில் உள்ள கல்லூரி அலுவலகத்துக்கு ஸ்கூட்டரை எடுப்பான். என் கையெழுத்தையும் அவனே போட்டுவிடுவான். பாஸ்புக், மாற்றுத்திறனாளி அட்டை என எதை எடுத்தாலும் அதில் இருப்பது அவன் கை. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த எங்கள் அப்பா பெயருக்குக் கீழே ஒரு வாலை இழுத்து இரண்டு புள்ளி வைப்பார். அந்த வாலை அண்ணன் எனக்கும் ஒட்டிவிட்டான். மாமனார் வைத்துவிட்டுப் போன சொத்து அது ஒன்றுதான் என்பாள் அண்ணி.

ஓட்டும் இதே கதைதான். நாங்கள் போகும் சாவடியில் சாய்தளம் உண்டு. ஆனால் சாய்தளத்துக்குப் போக ஒரு படி ஏற வேண்டும். நாற்காலியோடு என்னைத் தூக்க நாலு பேர் ஓடி வருவார்கள், நாலு பேரும் அண்ணனின் கட்சி. முடியாதவர்களுக்குத் துணையாள் வரலாம் என்று சட்டம் இருப்பதால் அண்ணன் மறைப்புக்குள்ளும் வருவான். நான் சின்னங்களைக் கண்ணால் துழாவுவதற்குள் ‘பீப்’ என்று சத்தம் கேட்டுவிடும். என்னைக் கேட்காமல் ஏன் அமுக்கினாய் என்று ஒருமுறை கேட்டே விட்டேன். நீ மட்டும் வேற யாருக்குப் போடப் போற என்றான். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. கூட்டத்தைப் பார்த்து மிரண்டுவிட்டேன் என்று நினைத்து அவன் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான்.

போன தேர்தலுக்கு முன்னால், வாக்காளர் பட்டியல் வேலையாக அங்கன்வாடி டீச்சர் வந்தார். அண்ணன் ஆபீசில், அண்ணி மாவு மில்லில். என்னைப் போன்றவர்கள் விருப்பப்பட்டால் வீட்டிலேயே தபால் ஓட்டுப் போடலாம், அதற்கு ஒரு படிவம் இருக்கிறது என்றார். கைநாட்டா, கையெழுத்தா என்றும் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. வீட்டிலிருந்தே படித்துப் பத்தாவது தேறியவள் நான். கையெழுத்து என்றேன். பேனாவை முஷ்டியில் பிடித்துக்கொண்டேன். டீச்சர் தாள் நகராமல் பிடித்துக்கொண்டார். முதல் எழுத்து ஒருவாறு நின்றது. மற்றதெல்லாம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதுபோல் கட்டத்தைத் தாண்டிப் போயின. அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். டீச்சர் சிரித்துக்கொண்டே போனார்.

தேர்தலுக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்த அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலில் வண்டி நின்றது. இரண்டு அதிகாரிகள், ஒரு போலீஸ்காரர், வீடியோ எடுப்பவர், மடக்கி வைத்த ஓர் அட்டை மறைப்பு. விஷயம் தெரிந்ததும் அண்ணன் திகைத்தான். ஆனாலும் சுதாரித்துக்கொண்டு, தனக்கும் ஒரு நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டான். துணையாள் வேண்டுமா என்று பெண் அதிகாரி என்னைப் பார்த்துத்தான் கேட்டார். வேண்டாம் என்றேன். குழறாமல் வந்தது அந்தச் சொல்.

முதலில் உறுதிமொழித் தாளில், அவர் கண்ணெதிரே, நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். இந்த முறையும் எழுத்துகள் பஸ்ஸைப் பிடிக்க ஓடின. அண்ணன் பதறிவிட்டான். என் ஓட்டுச் செல்லாமல் போய்விடுமே என்ற உண்மையான பதற்றம் அது. என் மாற்றுத்திறனாளி அட்டையை எடுத்துக் காட்டி, அதில் உள்ள கையெழுத்தோடு இது ஒத்துப்போகவில்லை என்று வாதாடினான். எனக்கும் அதே பயம். முதன்முதலாகக் கைக்கு எட்டிய ஓட்டு, இந்த வாலால் வாய்க்கு எட்டாமல் போய்விடுமோ?

அதோடு அவன் நிறுத்தியிருக்கலாம். அதிகாரிக்குப் புரியவில்லை என்று நினைத்து, செய்தித்தாள் ஓரத்தில் ஒரே இழுப்பில், வாலும் இரண்டு புள்ளியுமாக என் கையெழுத்தைப் போட்டு நீட்டினான்.

“பாருங்க மேடம், இதான் எங்க பாப்பா கையெழுத்து.”

அவர் அதை வாங்கிப் பார்த்தார். வீடியோக்காரர் கேமராவை மெல்ல அண்ணன் பக்கம் திருப்பினார்.

“ரொம்ப அழகா இருக்கு சார். ஆனா போட்டது நீங்களாச்சே.”

அண்ணி சமையலறைக்குள் ஓடிப் போய்ச் சிரித்தாள். போலீஸ்காரர் கூரையைப் பார்த்தார். அதிகாரி என் விண்ணப்பத்தின் நகலை எடுத்து உறுதிமொழியின் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் அதே ஓட்டம். தன் முன்னால் நான் போட்டதுதான் கணக்கு என்று சொல்லிச் சான்றொப்பமிட்டார்.

அப்புறம் மறைப்பை விரித்தார்கள். கேமரா வாசலைப் பார்த்துத் திரும்பியது, அண்ணனும்தான். சீட்டு என் முன்னால் இருந்தது. எத்தனை பெயர், எத்தனை சின்னம்! இருபத்தொன்பது வருஷமாக ஓட்டு இருந்தும் அன்றுதான் முழுப் பட்டியலையும் படித்தேன். நிதானமாக ஒன்றுக்கு இருமுறை படித்தேன். குறியிட்டு, மடித்து, உறைக்குள் போட்டு ஒட்டினேன். என் எச்சிலும் கொஞ்சம் அந்த உறைமேல் சிந்தியிருக்கும்.

யாருக்குப் போட்டேன் என்று அண்ணன் ஒரு வாரம் துளைத்தான். வஞ்சிர மீன் வறுவல் வந்தது. இரண்டு முறை ஐஸ்கிரீமும் வந்தது. சாப்பிட்டேன், சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்வதாக இல்லை.

அடுத்த மாதம் வங்கியிலிருந்து ஒரு படிவம் வந்தது. அண்ணன் பழக்கதோஷத்தில் பேனாவைத் திறந்தான். கையெழுத்துக் கட்டம் வரை கொண்டுபோய்விட்டு, அதை என் முஷ்டியில் செருகினான்.

“நீயே போடு.”

எழுத்துகள் கட்டத்தைத் தாண்டும்போது அவன் கை தானாக முன்னால் வந்தது. தாளை மட்டும் பிடிச்சிக்கோ என்றேன். பிடித்துக்கொண்டான். ஆபீசுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் வேண்டுமென்றே மெதுவாகப் போட்டேன்.