மேல் வீட்டு வாள்

எங்கள் கூடத்துச் சுவரில் மூன்று ஜப்பானிய வாள்கள் இருக்கின்றன. மூன்றும் நான் வாங்கியவை. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் வாள்களைப் பார்ப்பார்கள், அடுத்து என் கணவரைப் பார்ப்பார்கள். "சாருக்கு இதுல இன்ட்ரஸ்டா?" என்பார்கள். அவர் என் பக்கம் கையைக் காட்டுவார். பிறகு பேச்சு காபிக்கோ வெயிலுக்கோ போய்விடும்.

மைசூரில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். பளபளக்கும் இரும்பை விளக்கின் கீழ் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, கீறல் இருக்கிறதா, குழி இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அந்தக் கண்ணோடுதான் தசராப் பொருட்காட்சியில் என் முதல் வாளைப் பார்த்தேன். கூர் போடாத அலங்கார வாள்தான். ஆனால் அந்த வளைவில் ஒரு இடத்திலும் கோணல் இல்லை. அன்று இரவு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்து, மறுநாள் போய் வாங்கி வந்தேன்.

அதன் பிறகு கற்றுக்கொண்டது நிறைய. அலங்கார வாள் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பளபளப்பு அல்ல. கைப்பிடியைப் பிடித்து மெல்ல உதற வேண்டும். உள்ளே ஏதாவது ஆடினால் அது வேண்டாம். அலகின் வாலைக் கைப்பிடிக்குள் முழுதாக விடாமல் மெல்லிய கம்பியை ஒட்டவைத்திருப்பார்கள். என்றைக்காவது அலகு தனியே பறக்கும். கைப்பிடியில் சுற்றிய நாடா ஒரே அளவு கட்டம் கட்டமாக விழுந்திருக்க வேண்டும். உறையில் போட்டால் கடைசியில் ஒரு சின்ன இறுக்கம் தெரிய வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு மழைக்காலம்தான் பெரிய எதிரி. பழைய எண்ணெயைத் துடைத்து, புது எண்ணெயை ஒரு மெல்லிய படலமாகத் தடவி, வெறும் விரல் அலகில் படாமல் உறைக்குள் விட வேண்டும். என்னுடைய மூன்றும் கார்பன் ஸ்டீல். ஒரு விரல் பட்ட இடத்தில் சில வாரத்தில் பழுப்புப் பூ பூக்கும்.

இதையெல்லாம் என் கணவரிடம் சொல்லாத நாள் இல்லை. அவர் கொள்ளேகால் பக்கத்து விவசாயக் குடும்பம். மைசூர் அக்ரஹாரம் பகுதியில் இன்வெர்ட்டர் பேட்டரி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். வாள் மாட்டச் சுவரில் துளை போட்டுக் கொடுத்தது அவர்தான். வெட்டும் பக்கம் மேலே பார்த்தபடி வைக்க வேண்டும் என்று ஏணிக்குக் கீழே நின்று நான் விளக்கியபோது, "ம்ம்... ம்ம்..." என்று திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

போன வருடம் எங்கள் மேல் மாடிக்கு ஒருவர் குடிவந்தார். மைசூர்த் தமிழர், தனி ஆள், கம்பெனி வேலையாக ஜப்பானில் சில வருடம் இருந்துவிட்டு வந்தவர். பால் காய்ச்சிய அன்று மைசூர்பாக்கு கொடுக்க வந்தவர் எங்கள் சுவரைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"சார், நீங்க கலெக்ட் பண்றீங்களா?"

"நானில்லீங்க. எல்லாம் இவளோடது."

"ஓ, சூப்பர் மேடம்!" என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி அவரிடமே திரும்பினார். "என்கிட்டயும் ஒண்ணு இருக்கு சார். சும்னே ஞாயித்துக்கிழமை மேல வாங்க, காட்டறேன்." 'சும்மா' என்பதைக்கூடக் கன்னடத்தில்தான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பேப்பர் பார்க்க உட்கார்ந்தால் எழுந்திருக்காத மனிதர், சட்டை மாற்றிக்கொண்டு மேலே போனார். இறங்கி வரும்போது இட்லி ஆறிப் போயிருந்தது. முகம் மட்டும் ஜொலித்தது.

"ஏம்புள்ள, உனக்கு ஒண்ணு தெரியுமா? வாளை வெக்கறப்ப வெட்டுற பக்கம் மேலதான் பாத்திருக்கோணுமாம். அப்பத்தான் உறைக்குள்ள உராயாதாம்!"

நான் சட்னிக் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தேன். கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தேன். அவர் கவனிக்கவில்லை. தட்டில் கையை வைத்தபடியே மேல் வீட்டுக்காரர் சொன்னதை எல்லாம் வரிசையாகச் சொன்னார். நாடா கட்டம், உதறிப் பார்ப்பது, எண்ணெய். ஒவ்வொன்றும் நான் இதே மேசையில் சொன்னது. அவர் அவற்றைப் புத்தம் புதிதாக எனக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் மாடிதான். மேலே நாற்காலி நகரும் சத்தமும், என் கணவரின் சிரிப்பும் கூரை வழியாகக் கேட்கும். எனக்குச் சமையலில் கை ஓடாது. வேறொரு பெண்ணிடம் போனால் ஊர் கூட்டிச் சண்டை போடலாம். வாள் துடைக்கப் போகிறவரை என்ன சொல்லித் தடுப்பது?

ஒரு ஞாயிறு பொறுக்க முடியாமல் நானும் போனேன், கேசரியைச் சாக்காக எடுத்துக்கொண்டு. போயிருக்கக் கூடாது.

அடர் பச்சை அரக்குப் பூசிய உறை. கைப்பிடி நாடாவுக்கு அடியில் நிஜமான திருக்கை மீன் தோல், வெள்ளை மணி மணியாக. கைக்குக் காப்பாக இருக்கும் வட்டத் தகட்டில் ஒரு தும்பி, இறக்கையின் நரம்பு வரைக்கும் செதுக்கியது. என்னுடைய மூன்றில் ஒன்றில்கூடத் தோல் கிடையாது. தோல் மாதிரி அச்சடித்த பிளாஸ்டிக்தான். பொறாமை காது வரை சூடாக ஏறியதை இப்போதும் நினைவுபடுத்திக்கொள்ள முடிகிறது. ஆனால் என்னை நிஜமாகச் சுட்டது அந்த வாள் அல்ல. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெள்ளைத் துணியால் அலகை அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பில் துடைத்துக்கொண்டிருந்த என் கணவர். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

"சார் கை சூப்பர் மேடம். ஸ்வல்பமும் நடுங்கறதில்லை," என்றார் மேல் வீட்டுக்காரர்.

"கேசரி ஆறிடும்," என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். கூடத்தில் என் வாள்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கடையில் கூவி விற்கும் பொம்மை மாதிரி இருந்தன.

அதைவிட நல்லதாக ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி பிடித்தது. மார்க்கெட்டுக்குப் பின்னால் பழம்பொருட்கள் விற்கும் கடை ஒன்றில் ஒரு குட்டை வாள் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு சனிக்கிழமை என் கணவரையும் ஸ்கூட்டரில் இழுத்துக்கொண்டு போனேன். முழங்கை நீளம்தான் இருக்கும். கருப்பு உறை. கைப்பிடியில் தோல், நிஜத் தோல். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அலகில் ஒரு குழி இல்லை. உதறினேன். சத்தம் இல்லை.

கடைக்காரர் வழக்கம்போல் அவரிடம் பேசினார். "நோடி சார், ஒள்ளே பீஸ், நல்ல சரக்கு. உங்களுக்காகவே வந்த மாதிரி."

என் கணவர் தாடையைத் தடவினார். "நல்லாத்தான் இருக்குது. எதுக்கும் மேல் வீட்டுக்காருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம் புள்ள."

நான் வாளை மேசைமேல் வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்துவிட்டேன். அவர் பின்னாலேயே ஓடி வந்தார். பூக்கடை ஓரமாக நின்றுதான் அந்தச் சண்டை நடந்தது.

"என்ன ஆச்சு புள்ள?"

"அவருகிட்டயே கேளுங்க. அவரையே கூட்டிட்டு வந்திருக்கலாமில்லீங்க? பத்து வருசமா இதையேதான நானும் சொல்றேன். என் வாயில வந்தா காத்து, அவரு வாயில வந்தா வேதவாக்குங்களா?"

பூக்காரம்மா கையிலிருந்த சரத்தைக் கட்டாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சொன்னே. இல்லேங்கல," என்றார் அவர். "அவரு கையில குடுத்தாரு."

"அப்படின்னா?"

"ஒருவாட்டியாச்சும் உன்ற வாளை நாந்தொட உட்டிருக்கியா? பக்கத்துல வந்தாலே, 'தொடாதீங்க, ஆசிட் கை'ம்பே. துளை போட மட்டும் நான். அவரு மொத நாளே, 'சார், புடிங்க'ன்னு நீட்டினாரு. கையில இருக்கறப்ப சொன்னா காதுல ஏறுது. நா என்ன பண்ணட்டும்?"

பேட்டரிக் கடைக் கையில் அமிலம் இருக்கத்தான் செய்யும். அவர் சட்டைகளில் சின்னச் சின்னப் பொத்தல்களைத் துவைத்துத் துவைத்து நான் பார்த்திருக்கிறேன். கார்பன் ஸ்டீலில் அது ஒரு துளி பட்டால் முடிந்தது. மேல் வீட்டு வாளின் அலகு ஒரு அலாய், கலப்பு உலோகம், துருவே பிடிக்காது. யார் கையில் வேண்டுமானாலும் தாராளமாக நீட்டலாம். இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நியாயம் என் பக்கம் இருந்தது. ஆனால் அவர் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார், திட்டு வாங்கும் பிள்ளை மாதிரி.

"சோடாப்பு போட்டுக் கழுவுனா ஆசிட் போயிருமில்லீங்க?" என்று கேட்டேன்.

"போயிரும். கடையில தினமும் அப்படித்தான் கழுவறது."

திரும்பக் கடைக்குள் போனோம். குட்டை வாளை உறையோடு எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் மெதுவாக உதறினார், காதருகே வைத்துக் கேட்டார், நாடாவைக் கட்டைவிரலால் வருடிக்கொண்டே போனார். "இந்த எடத்துல மட்டும் ஒரு சுத்து தளர்வா இருக்குது," என்றார். நான் பார்க்கத் தவறிய இடம். எனக்குச் சுருக்கென்றது. அவர் என்னைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டுவிடுவார் போலிருக்கிறதே என்று அந்த நிமிடத்திலும் மனம் கணக்குப் போட்டது. அந்தத் தளர்ந்த சுற்றைக் காட்டிக் கொஞ்சம் விலை குறைத்து வாங்கினோம்.

வீட்டுக்கு வந்து சோடாப்பு போட்டுக் கை கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு என் முன்னால் உட்கார்ந்தார். நான் துணியைக் கொடுத்தேன். அவர் துடைத்து முடிக்கும்வரை ஒவ்வொரு விரலையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு விரலும் அலகைத் தொடவில்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை அவர் மேலே போகிறார். சில வாரம் நானும் போகிறேன். மேல் வீட்டுக்காரர் பழையபடி அவரைப் பார்த்தே பேசுகிறார். என் கணவருக்குப் பதிலாக நான் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தும்பித் தகட்டைப் பார்க்கும்போது காது இன்னும் சூடாகிறது. குட்டை வாளை என் கணவர் டிவிக்குப் பக்கத்தில் தனியாக ஒரு தாங்கி செய்து வைத்திருக்கிறார். போன வாரம் என் அக்கா வந்திருந்தபோது, என் மூன்றையும் விட்டுவிட்டு நேரே அதன் முன்னால் போய் நின்று, "இது யாரு மாப்ள வாங்குனது? இதுதான் எல்லாத்துலயும் அழகு," என்றாள்.

"நாங்க வாங்குனதுதான்," என்றார் அவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

தேடிப் பிடித்தது நான் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் காபி கலக்கப் போனேன்.