சோபாவுக்கு மேலே தம்பி

இந்த ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளை போடக் கூடாது. அது சட்டமா வழக்கமா என்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. போட்டால் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார் என்பது மட்டும் தெரியும். நம் ஊரில் ஞாயிறன்று ஒலிபெருக்கிக்குக்கூட ஓய்வு கிடையாது; இங்கே சுத்தியலும் சாமி கும்பிடப் போய்விடுகிறது. முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை முடிந்து வந்தால் மற்ற நாட்களில் கையைத் தூக்கத் தெம்பிருக்காது. அதனால்தான் சோபாவுக்கு மேலே சுவர் மொட்டையாகக் கிடக்கிறது என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவந்தேன். அது சாக்கு. மாட்ட வேண்டிய படம் பெட்டிக்குள் துணி சுற்றிக் கிடந்தது.

எதிர்வீட்டு பிரிகிட்டாவுக்கு அந்தச் சுவரைப் பார்க்கவே பொறுக்கவில்லை. இந்த ஊர்க்காரர்கள் சோபாவின் நிறத்தைப் பார்த்துப் படம் வாங்குகிறவர்கள். மலை, மான், ஒன்றும் புரியாத வட்டங்கள், இல்லையென்றால் பெற்ற பிள்ளைகளின் முகத்தையே ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டுகிறார்கள். பிள்ளைகள் உயிரோடு பக்கத்துத் தெருவில் இருப்பார்கள். நீ கடற்கரைக்காரி அல்லவா என்று ஒருநாள் அலையடிக்கும் கடல் படமொன்றைப் பரிசாகக் கொண்டுவந்தாள். நன்றி சொல்லி வாங்கி, அலமாரிக்குப் பின்னால் திருப்பி வைத்துவிட்டேன். கடலைப் பார்த்துக்கொண்டு சோறு தின்ன என்னால் ஆகாது.

தாமிரபரணி கடலில் சேருமிடத்தில் இருக்கிற புன்னைக்காயல் என் ஊர். மூன்று வருடத்துக்கு முன் என் தம்பி ஜெரோம் இரண்டு பேரோடு ஃபைபர் படகில் மீன்பிடிக்கப் போனான். படகும் வரவில்லை, ஆட்களும் வரவில்லை. கூடப் போன இருவர் வீட்டிலும் படத்துக்குச் சட்டம் போட்டு, மாலை சாத்தி, சர்ச்சில் இறந்தவர் பூசையும் வைத்துவிட்டார்கள். எங்கள் பக்கம் ஒருவருடைய படம் தனியாகப் பெரிதாகச் சுவரில் ஏறினால் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று பொருள். அம்மா மட்டும் விடவில்லை. "எங்கயாவது கரை ஏறிக் கெடப்பான். சிறையில கெடந்தாலும் வருவான். உசிரோட இருக்கவன எதுக்கு சுவத்துல ஏத்துதிய?" என்பாள். அப்பா அவளை எதிர்த்துப் பேசுகிறவர் இல்லை. ஆனால் பூசையில்லாமல் பிள்ளையின் ஆத்துமா அலைகிறதே என்று உள்ளுக்குள் உருகிப் போய்விட்டார்.

சென்ற முறை விடுப்பில் போயிருந்தபோது அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தம்பியின் அந்தப் படத்தைக் கையில் கொடுத்தார். உள்ளூர் ஸ்டுடியோ என்றால் அம்மா காதுக்கு எட்டிவிடும் என்று திருநெல்வேலி டவுணுக்குப் பஸ் ஏறிப் போய்ச் செய்துவந்தது. 'மறைவு' என்ற இடத்தில் என்ன தேதி போட என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார். இவரால் சொல்ல முடியவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டே சட்டம் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"இங்கன மாட்ட ஒங்கம்மா விட மாட்டா. நீ கொண்டு போயிரு மக்கா. அங்கனயாவது அவனுக்கு ஒரு வெளக்கு எரியட்டும்" என்றார். ஊரில் சாக முடியாத என் தம்பியை விமானத்தில் ஏற்றி இங்கே கொண்டுவந்தேன்.

ஒரு சனிக்கிழமை பிரிகிட்டாவே துளை போடும் மெஷினோடு வந்து நின்றாள். இனிமேலும் சாக்குச் சொல்ல வழியில்லை. படத்தை எடுத்துக் கொடுத்தேன். மட்டம் பார்த்து மாட்டினாள். எட்டி நின்று, "அடடா! உன் தம்பியா? எவ்வளவு அழகு!" என்றாள். அந்த நேரம் பார்த்து அம்மா வீடியோவில் வந்தாள். நான் சுதாரிப்பதற்குள் தன் கைவேலையைக் காட்டும் சந்தோஷத்தில் பிரிகிட்டா போனைப் பிடுங்கிச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டாள். படத்துக்குப் பக்கத்தில் நின்று பல் தெரியச் சிரித்தாள். என்னிடம் ஏதோ கேட்டாள்.

 அம்மா போனை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு, "அவ என்னட்டி கேக்கா?" என்றாள்.

பொய் சொல்லத் தோன்றவில்லை. "தம்பி எப்ப வருவான்னு கேக்காம்மா."

"பாத்தியா!" அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "வெள்ளக்காரிக்குத் தெரியுது, ஒங்கப்பனுக்குத் தெரியல. செத்தவன் படத்துக்குப் பக்கத்துல நின்னு ஒருத்தி சிரிப்பாளா? அவன் அங்கன ஒங்கூடவே இருக்கட்டும்."

முதியோர் இல்லத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்குப் போன் போட்டு, உங்கள் தாய் இறந்துவிட்டார் என்று ஜெர்மன் மொழியில் சொன்னவள் நான். அந்த வார்த்தை நாக்கு நுனியிலேயே இருந்தது. பிரிகிட்டாவிடம், "சீக்கிரம் வருவான்" என்றுதான் சொன்னேன்.

இப்போது புன்னைக்காயலில் கேட்டால், ஜெரோம் அக்காளோடு ஜெர்மனியில் இருக்கிறான். அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். இந்த விஷயத்தில் ஊரே வாயை மூடிக்கொண்டு தலையாட்டுகிறது. அப்பா மட்டும் கடற்கரையில் போய் நின்று எனக்குப் போன் போடுவார். "வெளக்கு எரியுதா மக்கா?" என்று கேட்பார்.

இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் கல்லறைத் திருநாள் அன்று படத்துக்குக் கீழே மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து அவருக்காகக் காத்திருந்தேன். ஜெபம் சொல்ல வேண்டும் என்று முன்பே பேசிவைத்திருந்தோம். திரையில் அப்பாவின் முகம் வந்தது. அவர் தோளுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் முகமும் வந்தது. தேடிக்கொண்டு கடற்கரைக்கே வந்துவிட்டாள் போலிருக்கிறது. நான் கையைப் பின்னால் நீட்டித் திரியை விரலால் நசுக்கினேன். சுட்டது.

"என்னட்டி, பொகையா வருது?"

"சமைக்கேன்மா."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ன கொழம்பு? அவனுக்குக் காரம் ஆவாது, பாத்து வையி" என்றாள் அம்மா.

சரி என்றேன். போனை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய், இரண்டு பேருக்கு அரிசி களைந்தேன்.