நின்றபடி சொல்ல முடியாத நாள்
கொழும்பு வெள்ளவத்தையில் பஸ் ஏறும்போதே அடிவயிறு முறுக்கத் தொடங்கிவிட்டது. படிப்பை முடித்து ஆஸ்பத்திரியில் பயிற்சி டொக்டராக இருந்த ஆண்டு அது. மாதவிடாயின் முதல் நாளில் மாத்திரை போட்டாலும் எனக்குக் கால் நடுங்கும்.

அன்று காலை வைத்திய நிபுணர் நோயாளர் வாட்டைச் சுற்றிப் பார்க்க வந்தார். ஒரு நோயாளியின் விபரத்தை அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்குக் கண் இருட்டியது. பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன்.

"என்ன, சுகமில்லையோ?" என்றார்.

தலையிடி என்று சொல்லித்தான் அதுவரை சமாளித்திருந்தேன். அன்று அந்தப் பொய்யைச் சொல்ல மனம் வரவில்லை.

"பீரியட்ஸ் வலி, சேர். இருந்துகொண்டே சொல்லுறன்."

கூட நின்ற ஆண் டொக்டர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"இதைத் தாங்க ஏலாட்டி ஒப்பரேஷன் தியேட்டரில மணிக்கணக்கா எப்பிடி நிப்பீர்?" என்றார் நிபுணர்.

"ஆறு மாசமாத் தாங்கிக்கொண்டுதான் நிக்கிறன், சேர். நீங்கள் கேட்டபடியால்தான் இண்டைக்குச் சொன்னனான்."

அவர் கட்டிலில் தொங்கிய அட்டையை எடுத்தார். நோயாளியின் இரத்தப் பரிசோதனை முடிவுகளை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தேன்.

எல்லாரும் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தபோது, என்னோடு பயிற்சியில் இருந்த கிருலப்பனையிலிருந்து வரும் பெண் என் காதருகே குனிந்தாள்.

"எனக்கும் உப்பிடித்தான். இனி நானும் சொல்லப்போறன்."