நாண் அடித்த தழும்பு

மாலை ஐந்தரைக்கு மகள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து வந்தாள். கூத்துக்காகத் தானே செதுக்கிய முதல் வில் கையில் இருந்தது. இடது முன்கையின் உட்புறம் இரண்டு அங்குல நீளத்துக்குக் கன்றியிருந்தது.

"நாண் அடிச்சிட்டுப்பா," என்று சிரித்தாள்.

அண்ணனுக்கும் அதே இடத்தில்தான் இருந்தது. அப்போது எனக்குப் பத்து வயது, அவனுக்குப் பதினேழு. அந்த வருடக் கூத்தில் அவன் அருச்சுனன். படுவான்கரையில், எங்கள் வீட்டு வளவில் நின்ற விண்ணாங்கு மரத்தின் கிளையொன்றைச் சீவி, மீன்வலை பின்னும் நைலோன் தங்கூசியை நாணாக்கினான். பழக்கமில்லாததால் நாணைத் தளரக் கட்டிவிட்டான். எய்யும்போதெல்லாம் அது கையில் அறைந்தது.

"அருச்சுனன் அழுறார்!" என்று பழித்தேன்.

"போடா, நாளைக்கு இறுக்கிக் கட்டுறன்."

மறுநாள் காலை சுற்றிவளைப்பு. ஆமி ஒழுங்கைக்குள் இறங்கியதும் அம்மா பதறினா. "வில்லக் கண்டா விடமாட்டானுகள். முறிச்சு அடுப்புக்குள்ள வை, மனே."

நான்தான் மூன்றாக முறித்து வைத்தேன். ஈரக் கம்பு சீறிப் புகைந்தது. தங்கூசி உருகி நாறியது.

சிப்பாய் அண்ணனின் கையைத் திருப்பிப் பார்த்தான். "துவக்குப் பழகின காயம்."

"இல்ல ஐயா, வில்லு. நாண் அடிச்சது."

"வில்லு எங்க? காட்டு."

அண்ணன் என்னைப் பார்த்தான். அம்மா அடுப்பிலிருந்து ஒரு துண்டை இழுத்துக் காட்டினா. அது வெறும் கொள்ளிக்கட்டை போலத்தான் இருந்தது. அண்ணனை ஏற்றிப்போனார்கள். அவன் திரும்பி வரவில்லை.

மகள் வில்லை அறைக்குள் கொண்டுபோனாள்.

"உள்ளுக்கு வைக்காத, கிளி," என்றேன். "முன் விறாந்தையில மாட்டு. கை ஆறுமட்டும் அங்கயே இருக்கட்டும்."