அன்ரனெற் அன்ரிக்குத் தெரிந்த ஒஹாயோக்காரர்

புத்தகத்தை அன்ரனெற் அன்ரி கடைசிப் பக்கத்திலிருந்துதான் திறப்பார். பெயரகராதியில் விரலை வைத்து, உதடு அசைய, மேலிருந்து கீழே இறங்குவார். "ஆர் ஆர் வந்திருக்கினம் எண்டு முதல் பாக்க வேணும்" என்பார், கலியாண மண்டபத்து வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்க்கிறவரைப் போல. தெரிந்த பெயர் ஒன்று அகப்பட்டால் முகம் மலரும். "உவன் இதுக்குள்ளயும் வந்திட்டான்."

பெயர்கள் முடிந்ததும் அடிக்குறிப்புகள். பேராசிரியர் பக்கம் பக்கமாக எழுதியதைப் பொறுமையாகத் தள்ளிவிட்டு, அடியில் பொடியெழுத்தில் கிடப்பதை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து வாசிப்பார். "மேல எழுதிறது சபைக்கு, தம்பி. கீழ எழுதிறதுதான் நடந்தது."

கனடாவில், ஸ்காபுரோவின் மல்வேர்ன் பகுதியில், சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் ரவுண்ஹவுஸ் வரிசையில் அவருடையது என் அடுத்த வீடு. பேசாலையில் பிறந்தவர். விமானங்களுக்குச் சாப்பாடு பொதிசெய்யும் இடத்தில் நெடுங்காலம் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். அவர் வாசிப்பது ஒரே வகைப் புத்தகம்தான்: அமெரிக்காவின் ஏதோவொரு மூலையைப் பற்றி ஏதோவொரு பேராசிரியர் எழுதி, ஒரு பல்கலைக்கழகம் அச்சிட்டு, எவரும் இரவல் எடுக்காததால் நூலகம் கழித்துவிட்ட புத்தகம். கென்டக்கியின் புகையிலைத் தோட்டங்கள், வெர்மொண்டின் பால்பண்ணைகள், நெப்ராஸ்காவில் புல்லும் மண்ணுமாக வெட்டியெடுத்துக் கட்டிய வீடுகள், மேய்ன் கரையில் சிங்கறால் பிடித்தவர்களின் வழக்குகள். ஜனாதிபதிகளைப் பற்றிய புத்தகங்களைத் தொடமாட்டார். அவர்களைப் பற்றித்தான் எல்லாருக்கும் தெரியுமே என்பது அவர் கட்சி. அரிசி வாளிக்கு மேலிருந்த தட்டு நிறைந்து, உடுப்பு அலுமாரி நிறைந்து, இப்போது கராஜும் நிறைந்துவிட்டது. அவருடைய கணவர் வின்சன்ற் அங்கிள், தன் கார் பனியில் நிற்பதைப் பற்றி எவரிடமும் முறையிட்டதில்லை. காலையில் கண்ணாடியைச் சுரண்டும்போது காரிடம் மட்டும் ஏதோ சொல்லிக்கொள்வார்.

பழக்கம் தொற்றியது பஃபலோவில். எண்பதுகளின் கடைசியில், கனடாவுக்குள் வரக் காத்திருந்த காலத்தில், அங்கே ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சில மாதங்கள் தங்க நேர்ந்தது. பொழுதுபோக இருந்தது ஓர் அலுமாரி. அதில் இருந்தவை இறந்துபோன ஓர் ஆசிரியரின் புத்தகங்கள், அத்தனையும் பழைய கால்வாய்களைப் பற்றியவை. அகராதியும் கையுமாக உட்கார்ந்து அவற்றில்தான் ஆங்கிலம் படித்தார். அதன் பலனாக இன்றும் மருந்துக்கடைக்காரரை, முதலாளிக்கான அந்தக்காலத்துச் சொல்லால், "புரொப்பிரையற்றர்" என்றுதான் விளிக்கிறார். பஸ் தரிப்பிடம் அவருக்குப் படகுத்துறை, "லாண்டிங்". மருந்துக்கடைக்காரர் அந்தப் பட்டத்துக்காகவே அவரை வரிசையில் முன்னுக்குக் கூப்பிடுவதைக் கண்டிருக்கிறேன்.

இவ்வளவு படித்தவர் அதன் பிறகு ஒருமுறையாவது அமெரிக்காவுக்குப் போனதில்லை. எல்லை ஒன்றும் தூரமில்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "அங்க இப்ப எனக்கு ஒருத்தரையும் தெரியாது தம்பி" என்றார். "தெரிஞ்சவை எல்லாம் செத்துப்போச்சினம்."

அந்தத் தெரிந்தவர்களைப் பற்றி அவர் பேசும் விதத்தில்தான் வில்லங்கம் இருந்தது. ஆண்டு சொல்லமாட்டார், ஊர் சொல்லமாட்டார். நேற்று மார்க்கம் றோட்டில் கண்டுவிட்டு வந்தவரைப் போலத் தொடங்குவார். "உவன் சகோதரத்தோட காணிக்குப் பிடிச்ச சண்டையில கடைசியில வேலியும் இல்லை, காணியும் இல்லை" என்றால், வேலி பென்சில்வேனியாவில் இருந்தது என்பதையும் சகோதரர்கள் இருவரும் மண்ணாகி நூறு வருடமாயிற்று என்பதையும் கேட்பவர்தான் துருவித் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்குப் பழகிவிட்டது. எல்லாருக்கும் பழகவில்லை.

போன மாசியில், எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் புதன்கிழமைகளில் கூடும் முதியோர் ஒன்றுகூடலில், தேநீர் வேளையில் ஒரு கதை சொன்னார். கதை ஒஹாயோவின் ஒரு கால்வாய்ப் பட்டினத்தில் நடந்தது. தகப்பன் ஊர்த் தேவாலயத்தில் பெரிய ஆள். மகள் ஏஞ்சலினாவை ஊரின் மாவு மில்காரருடைய மகனுக்குப் பேசி முற்றாக்கியிருந்தார்கள். கலியாணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்க, அவள் ஒரு படகுக்காரனோடு போய்விட்டாள். ஊரையும் ஆண்டையும் வழக்கம்போல விட்டுவிட்டு, மிச்சத்தை மட்டும் மிகுந்த உருக்கத்தோடு சொல்லியிருக்கிறார்.

அதே கோவிலில், பங்குச் சபையின் தலைவர் கிளிபோட். அவருடைய மகள் பெயர் ஏஞ்சலா. ஏஞ்சலாவுக்கு ஸ்ரௌவ்வில்லில் நிசாந்தன் என்ற பையனை நிச்சயம் செய்து, மண்டபமும் எடுத்தாயிற்று. நிசாந்தன் வீட்டார் ஸ்காபுரோவில் மிளகாய்த்தூள் மில் வைத்திருக்கிறார்கள்.

தேநீர்க் கொதிகலன் இரைந்த இரைச்சலில் யாருக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது. மல்வேர்னைத் தாண்டும்போது ஏஞ்சலினா ஏஞ்சலாவாகிவிட்டாள். மார்க்கத்தைத் தாண்டும்போது படகுக்காரனுக்கு வயதும் நிறமும் வந்துவிட்டன. ஸ்ரௌவ்வில்லைச் சென்றடைந்தபோது அவனுக்கு சிம்கோ ஏரியில் சொந்தப் படகே இருந்தது.

ஏஞ்சலா இதைக் கேட்டுச் சிரித்தாள். "அண்ணா, எனக்கு சுவிம் பண்ணவே தெரியாது. லைக், நான் எப்பிடி போட்ல ஓடுறது?" என்று என்னிடம் கேட்டாள். நிசாந்தனும் சிரித்தானாம். ஆனால் நிசாந்தனுடைய தாயார் அருள்மலர் சிரிக்கவில்லை. கிளிபோட்டின் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் நின்றது. சேலை எடுக்கப் போவதற்கென்று குறித்த நாள் பேச்சில்லாமல் கடந்துபோனது. சிரித்துக்கொண்டிருந்த ஏஞ்சலாவும் அதன் பிறகு சிரிக்கவில்லை.

அன்ரியின் வீட்டுக்குக் கிளிபோட் வந்தபோது நான் என் வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தேன். உள்ளே வரும்படி கேட்டும் அவர் படியிலேயே நின்றார். கோபத்தைவிடக் களைப்புத்தான் முகத்தில் அதிகம் தெரிந்தது.

"அக்கா, நாங்கள் உங்களுக்கு என்ன செய்தனாங்கள்? என்ர பிள்ளை போட்காரனோட போனது எண்டு கதைச்சிருக்கிறியள்."

அன்ரிக்கு விளங்கவில்லை. அவர் நினைவில் இருந்தது ஒரே ஏஞ்சலினாதான். அவளைப் பற்றி ஒருவர் அக்கறையோடு விசாரிக்க வீடு தேடி வந்தது அவருக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்க வேண்டும்.

"தம்பி, அந்தப் பிள்ளை போனது பிழையெண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லை" என்றார் கனிவாக. "அந்த மில்காரப் பெடியன் குடிகாரன். போட்காரன் திறமான ஆள்."

கிளிபோட் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். நான் பனி வழிக்கும் சவளைப் போட்டுவிட்டு ஓடிப்போய், எது எந்த ஏஞ்சலா என்று இருவருக்கும் நடுவில் நின்று பிரித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அன்ரிக்கு விளங்கிய கணத்தில் அவர் முகம் வெளிறிவிட்டது. உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து பக்கத்தைத் தேடினார். கிளிபோட் பார்க்கவில்லை. புத்தகத்தைக் காட்டி ஊர்வாயை மூட முடியாது என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அந்தக் கிழமை அன்ரி ஒன்றுகூடலுக்குப் போகவில்லை, புத்தகமும் திறக்கவில்லை. வீடு அமைதியாக இருக்கிறது என்று வின்சன்ற் அங்கிள் கவலையோடு என்னிடம் வந்து சொன்னார். கராஜிலிருந்து தானே ஒரு புத்தகப் பெட்டியைத் தூக்கிவந்து மேசையில் வைத்துப் பார்த்தாராம். அன்ரி அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்தாராம்.

சனிக்கிழமை காலை, பூசைக்குப் போகும் கோட்டைப் போட்டுக்கொண்டு அன்ரி என் வாசலில் நின்றார். புத்தகம் கைப்பையில் இருந்தது. ஸ்ரௌவ்வில்லுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். வின்சன்ற் அங்கிள் பெருந்தெருவில் கார் ஓட்டுவதில்லை.

வீடுகள் குறைந்து வெள்ளை வயல்கள் தொடங்கிய இடத்தில் அன்ரி சொன்னார்: "உயிரோட இருக்கிற ஆக்களைப் பற்றி நான் கதைக்கிறேல்லை தம்பி. செத்தவையைப் பற்றித்தான் கதைக்கிறனான். அவைக்கு நோகாது எண்டு."

ஸ்ரௌவ்வில்லின் புதுக் குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே அச்சு. முதலில் பிழையான கதவைத் தட்டினோம். திறந்த சீன முதியவரிடம் அன்ரி மன்னிப்புக் கேட்ட ஆங்கிலம் அவ்வளவு விரிவாக இருந்ததால், அவர் வெளியே வந்து எங்களைச் சரியான வாசலுக்கே கொண்டுவந்து விட்டார்.

அருள்மலர் மரியாதையாக வரவேற்றார். தேநீர் வந்தது, பலகாரம் வரவில்லை. வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் வறுத்த மல்லியின் மணம். அன்ரி பேச்சை வளர்க்காமல் புத்தகத்தை விரித்து, ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொன்னார். ஆண்டையும் சொன்னார்: ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்று. பக்கத்தில் ஏஞ்சலினாவின் முதுமைக்காலப் படம் இருந்தது, கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புச் சட்டையோடு. அருள்மலர் அதை வாங்கி நெடுநேரம் பார்த்தார். கிளிபோட்டின் வீட்டுச் சாயல் இருக்கிறதா என்றுதான் தேடினார் என்று நினைக்கிறேன்.

"அப்ப எங்கட ஏஞ்சலா எங்கயும் போகேல்லை" என்றார் கடைசியில்.

"இல்லைப் பிள்ளை. அவளுக்கு நீந்தவும் தெரியாதாம்."

விடயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். நான் கார்ச் சாவியைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் அருள்மலர் புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை. அந்த மில்காரப் பையனுக்கு அதன்பிறகு என்ன நடந்தது என்று கேட்டார்.

குடித்தே அழிந்தான், மில்லும் கைமாறியது என்றார் அன்ரி. அவன் ஒரு ஊதாரி என்று அடிக்குறிப்பே சொல்கிறது, ஏஞ்சலினா தப்பியது புண்ணியம். அருள்மலருடைய முகம் மாறியது. நிச்சயம் செய்த பெண் ஊரறியப் போனால் எந்தப் பையன் குடிக்கமாட்டான் என்று கேட்டார். அவன் அதற்கு முன்பே குடித்தான் என்றார் அன்ரி. யார் கண்டது என்றார் அருள்மலர். பேராசிரியர் கண்டார் என்றார் அன்ரி. பேராசிரியர் பெண்ணின் பக்கத்து ஆள் என்றார் அருள்மலர். இருவருடைய குரலும் ஏற ஏற, ஏஞ்சலாவின் கலியாணம் இப்போது உண்மையாகவே, ஒஹாயோவை முன்னிட்டு, என் கண்முன்னே முறியப்போகிறது என்று எனக்குத் தோன்றியது.

அருள்மலர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்டு கேக்கிறன் அக்கா. மில்காரத் தகப்பனைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கு. அந்தப் பெடியன்ர தாய் எங்க?"

அன்ரி கையை நீட்டினார். புத்தகத்தை வாங்கிப் பெயரகராதிக்குப் போனார். அங்கிருந்து ஒரு பக்கத்துக்கு, அங்கிருந்து அடிக்குறிப்புக்கு. கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து வாசித்தார்.

"அவன் பிறந்த வருசமே தாய் செத்திட்டா" என்றார்.

"பாத்தியளே" என்றார் அருள்மலர். "அவனை ஒருத்தரும் பாக்கேல்லை."

அன்ரியின் கண் கலங்கியிருந்தது. இத்தனை வருடமாக அந்தப் பையனைத் தான் திட்டிக்கொண்டே வந்ததாகவும், இது தனக்குத் தோன்றவேயில்லை என்றும் மெல்லச் சொன்னார். அருள்மலர் எழுந்து போய்ப் பலகாரத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். பிறகு தொலைபேசியை எடுத்துக் கிளிபோட்டை அழைத்து, வருகிற சனிக்கிழமை சேலை எடுக்கப் போவோமா என்று, இடையில் எதுவுமே நடவாதது போலக் கேட்டார். மறுமுனையில் கிளிபோட் ஓம் ஓம் என்று சொன்னது எனக்கே கேட்டது. நாங்கள் புறப்படும்போது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. அதுவரை நெப்ராஸ்காவின் ஒரு விதவையைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

கலியாணம் ஆவணியில் மார்க்கத்தில் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. சாப்பாடு முடிந்து, மேடையில் குடும்பப் படம் எடுக்க எல்லாரும் ஏறியாயிற்று. மாப்பிள்ளையின் தாயைக் காணவில்லை. அருள்மலர் பட்டுச்சேலையோடு மண்டபத்தின் பின்வரிசையில், அன்ரனெற் அன்ரியின் கதிரையோடு தன் கதிரையை ஒட்டிப் போட்டு, காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். படப்பிடிப்பாளர் மேடையிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நிசாந்தன் கூப்பிட்டான். கிளிபோட் ஒலிவாங்கியில் கூப்பிட்டார். அருள்மலர் திரும்பிப் பார்க்காமலே, பொறுங்கோ என்று ஒரு விரலை உயர்த்திக் காட்டினார்.